பழைய வீடு பார்க்கப் போறியா? திருப்புளியோடு போ!

காலண்டர் மாட்டலாம் என்று கூடத்து நிலையில் ஆணியை வைத்தேன். சுத்தியலை எடுக்கத் திரும்புவதற்குள் கட்டைவிரல் அழுத்தத்துக்கே ஆணி முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. பிடுங்கினால் ஆணியோடு ஈரமண் வருகிறது. கும்பகோணத்து வீட்டில் நாங்கள் பால் காய்ச்சிக் குடியேறிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வெளியே காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளவென்று எனாமல் பெயிண்ட். உள்ளே மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

நேற்று நீ போனில், "அக்கா, மாயவரத்துல ஒரு வீடு பார்த்திருக்கோம். திண்ணை, முற்றம், தேக்குத் தூண் எல்லாம் இருக்கு. அடுத்த வாரம் அட்வான்ஸ் குடுக்கிறோம்" என்று மூச்சு விடாமல் சொன்னபோது எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட வேண்டாம் என்று சும்மா இருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து எழுதிவிட்டேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

பழைய வீடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் எங்கள் முற்றத்துத் தாழ்வாரத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் ஃபேன்கூட வேண்டாம். வாங்கு. ஆனால் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போ: மரம், மண், ஈரம் இந்த மூன்றும் ஓரிடத்தில் சேரக் கூடாது. கீழே நான் சொல்லப்போகிற அத்தனையும் இதிலேயே அடக்கம்.

கரையானின் பலவீனம் என்ன?

வெள்ளை எறும்பு என்கிறோமே தவிர, கரையான் எறும்பு ஜாதியே இல்லை. கரப்பான்பூச்சிக்குத்தான் சொந்தம். தோல் மெல்லிசு, வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்து, பென்சில் பருமனுக்குக் குழாய் மாதிரி பாதை கட்டி, அதற்குள்ளேயே போய்வருகிறது. கூடு மண்ணுக்குள், சாப்பாடு நம் மரத்தில், இரண்டுக்கும் நடுவே அந்த மண் பாதை. இதில் ஈரத்தை நிறுத்தினால் அதற்குப் பாதி உயிர் போய்விடும். மருந்து அடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அட்வான்ஸுக்கு முன்னால் எட்டு இடம்

வீட்டை இரண்டு தடவை போய்ப் பார். முதல் தடவை நீயும் மாப்பிள்ளையும் ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை நம்பிக்கையான ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, டார்ச், திருப்புளி, பென்சில் சகிதம் போ. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் ரொம்ப நல்லது. ஓடு ஒழுகுகிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வீடே காட்டிக்கொடுக்கும்.

1. முதலில் சுற்றி வா: உள்ளே நுழையும் முன் வெளிச்சுவரைச் சுற்றி நட. சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு, பழைய சென்ட்ரிங் பலகை, வெட்டிப்போட்ட தென்னை மரத்தின் அடிக்கட்டை, சுவரை ஒட்டியே வைத்த பூச்செடிகள், இவையெல்லாம் கரையானுக்குப் பந்தியில் போட்ட இலை மாதிரி. கொல்லையில் மழைக்குப் பிறகு புற்றுக்காளான் முளைக்குமா என்று பேச்சுவாக்கில் கேள். "ஓ, கூடை கூடையா பறிப்போமே" என்றால் சந்தோஷப்படாதே. அந்தக் காளான் கரையான் மண்ணுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து வருவது. கூடு அங்கேதான் இருக்கிறது.

2. ரோட்டையும் தூணின் காலையும் பார்: நம் ஊர்த் தெருக்களில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்தியதில், பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டுக்காரர்கள் மண் கொட்டித் தரையை உயர்த்திப் புதுசாக டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். அங்கேதான் வம்பு. அந்தக் காலத்து ஆசாரிகள் மரத்தூணைத் தரையில் நேராக நிறுத்தவில்லை. கருங்கல் அடிக்கல் போட்டு அதன் மேல்தான் நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடக் கூடாது என்பதும் அதில் ஒரு கணக்கு. தரையை உயர்த்தும்போது கல் புதைந்து, மரத்தின் கால் மண்ணுக்குள் போய்விடும். எங்கள் வீட்டிலும் நடந்தது அதுதான். நூறு வருஷம் தாங்கிய தூண், டைல்ஸ் போட்ட பிறகு சில வருஷத்திலேயே அடியில் கூடாகிவிட்டது. நீ பார்க்கிற வீட்டில் தூணுக்கு அடியில் கல் தெரிகிறதா என்று குனிந்து பார்.

3. நிலையின் காலைத் தட்டு: திருப்புளியின் கைப்பிடியால் ஒவ்வொரு நிலையையும் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வா. கெட்டியான மரம் 'டங்' என்னும். தின்ற மரம் காலி டப்பா மாதிரி 'டொக்' என்னும். தரையோடு சேர்கிற கடைசி ஒரு சாண்தான் முக்கியம். அங்கே திருப்புளியின் முனையை வைத்து அழுத்து. பச்சை வாழைத்தண்டு மாதிரி இறங்கினால் அந்த நிலை கணக்கில் இல்லை.

4. குளியலறைக்குப் பின்பக்கம்: குளியலறையைப் பார்ப்பதை விட, அதை ஒட்டிய அறையின் சுவரைப் பார். சுண்ணாம்பு உதிர்ந்து, கீழ்ப்பக்கம் கறுத்து ஈரம் ஏறியிருக்கும். சுவருக்குள் குழாய் கசிகிறது என்று அர்த்தம். களிமண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் என்றால் கரையான் வெளியே பாதை கட்டக்கூடத் தேவையில்லை. சுவருக்குள்ளேயே மேலே ஏறிவிடும்.

5. பரணில் ஏறு: நீ ஏறாவிட்டால் ஆசாரியை ஏற்று. கைமரமும் உத்திரமும் சுவருக்குள் நுழைகிற இடம்தான் கூரையின் உயிர்நாடி. ஓடு ஒழுகி, சுவருக்குள் இருக்கும் அந்த நுனி நனைந்து நனைந்து இற்றுப்போயிருக்கும். நடுவில் பார்த்தால் மரம் ஜம்மென்று இருக்கும். நிலை போனால் மாற்றலாம். உத்திரத்தின் நுனி போனால் கூரையையே பிரிக்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

6. மாட்டியதையெல்லாம் தூக்கு: சாமி படம், காலண்டர், கண்ணாடி, இவற்றின் பின்னால் இருட்டு. சுவர் அலமாரியின் பின்பலகையையும் மேல் தட்டையும் டார்ச் அடித்துப் பார். பழைய மரப்பட்டை வயரிங், மர ஸ்விட்ச் பெட்டி இருந்தால் மூடியைக் கழற்றச் சொல். மெயினை நிறுத்திவிட்டுத்தான்.

7. புதுப் பெயிண்ட் எங்கே?: வீடு முழுக்கப் பழசாக இருக்க, ஒரு நிலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. என் கூடத்து நிலைக்கு இருந்த மாதிரி.

8. பென்சிலால் தேதி போடு: மண் பாதை கண்ணில் பட்டால், நடுவில் இரண்டு விரல்கடை மட்டும் உடைத்துவிட்டுப் பக்கத்தில் தேதியை எழுது. நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பார். ஈரமண் வைத்து அடைத்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. அடைக்கவில்லை என்றால் இந்தப் பாதையை விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டையே விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. எல்லாப் பாதையையும் ஆத்திரத்தில் இடித்துவிடாதே. மருந்து அடிக்க வருகிறவருக்கு அதுதான் வழிகாட்டி.

மண்ணா, கசகசாவா, மைதாவா?

மரத்தைத் தின்பதெல்லாம் கரையான் என்று நினைத்துத்தான் பலரும் காசைத் தொலைக்கிறார்கள். எது தின்கிறது என்று தெரியாமல் மருந்து அடிப்பது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற மாதிரி. சமையலறைக் கண்ணோடு பார், சுலபமாகப் பிடிபடும்.

* மண் இருந்தால்: மரத்துக்குள் ஈரமண், சுவரில் மண் பாதை. இது நிலத்துக் கரையான். மண்ணுக்கு மருந்து வைக்க வேண்டும்.
* கசகசா மாதிரி இருந்தால்: மரச்சாமானுக்குக் கீழே குட்டிக் குட்டியாக, கையில் எடுத்தால் உருளுகிற மணிகள். இது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். மண்ணோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. தரையில் எத்தனை துளை போட்டாலும் பயன் இல்லை; அந்த மரத்துக்குள்தான் மருந்தைச் செலுத்த வேண்டும், இல்லை மரத்தை மாற்ற வேண்டும்.
* மைதா மாதிரி இருந்தால்: குண்டூசி குத்திய மாதிரி வட்ட ஓட்டைகள், அடியில் நைசான மாவு. இது கரையானே இல்லை, உளு. வண்டின் புழு. இதற்கும் வைத்தியம் மரத்துக்குத்தான்.

இறக்கை முளைத்தது பறந்தாலும் ஒரு சந்தேகம் வரும். ஈசலா, இறக்கை எறும்பா? எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி இருக்கும், முன்னிறக்கை பெரிசு, பின்னிறக்கை சிறிசு. ஈசலுக்கு இடுப்பே கிடையாது. நாலு இறக்கையும் ஒரே நீளம். மழை பெய்த சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறந்தால் அது ஊர் விஷயம். உன் கூடத்துச் சுவரிலிருந்தோ நிலையிலிருந்தோ கிளம்பி வந்தால் அது வீட்டு விஷயம். ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கிற இறக்கைகளைப் பெருக்கித் தள்ளும் முன், எந்தச் சுவர் ஓரம் என்று பார்த்து வைத்துக்கொள்.

விலை பேசுகிற இடத்தில்

ஆசாரி பார்த்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்: எத்தனை நிலை மாற்ற வேண்டும், எத்தனை கைமரம், எத்தனை அடி ரீப்பர், கூலி எவ்வளவு. "கரையான் இருக்கு, குறைச்சுக் கொடுங்க" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள். தாளை நீட்டினால் பேச்சு மாறும். பேங்க் லோன் போட்டால் அவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களே என்று அசட்டையாக இருக்காதே. அவர் வீட்டின் மதிப்பைப் பார்க்க வருகிறவர். உனக்காக நிலையைத் தட்ட மாட்டார்.

இன்னொன்று, இது கரையான் பேரைச் சொல்லி நடக்கிற வேலை. "ஒரிஜினல் பத்திரத்தைக் கரையான் தின்னுடுச்சும்மா, நகல்தான் இருக்கு" என்று சொன்னால் உடனே 'ஐயோ பாவம்' என்று தலையாட்டாதே. நிஜமாகவே தின்றிருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஒரிஜினல் யாரிடமாவது அடமானத்தில் இருந்தாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். பதிவு செய்யாமல் தெரிந்தவரிடம் கைமாற்றுக்கு வைத்திருந்தால் வில்லங்கச் சான்றில் வராது. வக்கீலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. தின்றதுபோக மிச்சம் இருக்கிற பத்திரத்தையாவது காட்டச் சொல்.

வேலையின் வரிசைதான் பாதி வைத்தியம்

நான் செய்த பெரிய தப்பை இப்போது சொல்கிறேன். முதலில் பெயிண்ட் அடித்தோம். அப்புறம் அலமாரி செய்தோம். அப்புறம் கரையானைப் பார்த்தோம். அப்புறம் சுவரைத் துளைத்தோம். மறுபடி பெயிண்ட். உன் அத்தான் இன்றைக்கும் அந்த பில்களை எடுத்துக் காட்டுவார். நீ இந்த வரிசையில் போ.

முதலில் கழிவை அகற்று. தின்ற மரத்தைக் கழற்றினால் கொல்லையில் அடுக்காதே. அன்றைக்கே வெளியேற்று. நிலத்துக்குள் புதைந்த பலகைத் துண்டு, பட்டுப்போன மரத்தின் வேர்க்கட்டை, எல்லாவற்றையும் தோண்டி எடு.

இரண்டாவது, ஈரத்தை நிறுத்து. பிளம்பரும் ஓடு மாற்றுகிறவரும்தான் முதலில் வர வேண்டும். கசிகிற குழாய், உடைந்த ஓடு, அடைத்த தூம்பு, சுவர் ஓரம் தேங்குகிற சாக்கடை, இவற்றைச் சரிசெய். வெளியே மண் சுவரை விட்டுச் சரிவாக இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் சுவரைத் தேடி வரக் கூடாது. பிறகு சுவர் காய நாள் கொடு.

மூன்றாவது மருந்து. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. தரையைப் பெயர்த்துப் புதுசாகப் போடுகிற எண்ணம் இருந்தால், பெயர்த்து மண் தெரிகிற அந்த நாளில் பெஸ்ட் கன்ட்ரோல்காரரை வரச் சொல். நிரப்பிய மண்ணைக் கெட்டித்த பிறகு, ஜல்லி போடும் முன், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கணக்கில் மருந்துக் கரைசலை ஊற்றலாம். ஒரு துளைகூடப் போட வேண்டாம். டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டால் புதுத் தரையில் ஓட்டை போடுவார். கொத்தனார், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்பார். கேட்காதே.

நாலாவது மரவேலை. ஐந்தாவது வயரிங் முடிந்து பூச்சு. கடைசியில் பெயிண்ட். பெயிண்டரை யாரும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள். நம் வீடுகளில் கிரகப்பிரவேசத் தேதி குறித்த உடனே எல்லாரும் பெயிண்டரிடம்தான் ஓடுவார்கள்.

மருந்து அடிக்கிற நாளில் கணக்குப் பார்

எங்களுக்கு முதலில் வந்தவர் தோளில் ஒரு ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு வந்தார். சுவரில் அங்கங்கே பீய்ச்சினார். ஒரு மணி நேரத்தில் பில்லை நீட்டினார். கார்த்திகை மாதம் அதே சுவரில் அதே பாதை. தண்டமாகப் போன பணத்துக்கு நான் கற்றுக்கொண்ட கணக்கு இது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்ற தரக்குறிப்பில் 3ஆம் பகுதி, கட்டி முடித்த வீட்டுக்கு எப்படி மருந்து வைப்பது என்று சொல்கிறது. தரையும் சுவரும் சேர்கிற மூலையில் 12 மில்லிமீட்டர் துளை. ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் 300 மில்லிமீட்டர், அதாவது ஒரு அடி இடைவெளி. துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். பிறகு சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும்.

இப்போது 10க்கு 12 அடி அறையை எடுத்துக்கொள். சுற்றளவு 44 அடி. வாசலைக் கழித்தால் 40 துளை, 40 லிட்டர். ஒரு அறைக்கே 40 லிட்டர் வரை வேண்டும் என்றால், பத்து லிட்டர் ஸ்ப்ரேயரோடு வந்தவர் வீடு முழுக்க என்ன செய்திருப்பார் என்று நீயே பார்த்துக்கொள்.

மருந்தின் அளவையும் கணக்கிடலாம். 30.5 சதவீத இமிடாகுளோப்ரிட் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, 40 லிட்டருக்கு 84 மில்லி. 20 சதவீத குளோர்பைரிபாஸ் என்றால் லிட்டருக்கு 50 மில்லி. 40 லிட்டருக்கு 2 லிட்டர். சீல் உடைக்காத பாட்டிலை உன் கண்ணெதிரே திறக்கச் சொல், லேபிளைப் போட்டோ எடு, கலக்கும்போது பக்கத்தில் நில். நான் இமிடாகுளோப்ரிட் வைத்தேன். அதில் வாடை கம்மி. மருந்து இருப்பதே தெரியாமல் கரையான் அதற்குள் நடந்து, கூட்டத்துக்கும் கொண்டுபோகும். அதனால் உடனே சாகவில்லையே என்று இரண்டாம் நாளே சண்டைக்குப் போகாதே.

ஒப்பந்தத்தில் எத்தனை துளை, என்ன மருந்து, எத்தனை வருஷ வாரண்டி, திரும்ப வந்தால் இலவசமாகச் செய்வார்களா என்று எழுதி வாங்கு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968ன்படி உரிமம் இருக்கிறதா என்று கேள். "பழைய ஸ்ட்ராங் மருந்து ஒண்ணு இருக்கு, அடிச்சா முப்பது வருஷம் திரும்பிப் பார்க்காது" என்று யாராவது ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் பேரைச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு. 2001ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் ஒதுக்கி வைத்த விஷங்களின் முதல் பட்டியலிலேயே இவை இருக்கின்றன. நம் நாட்டிலும் தடை. மண்ணிலும் உடம்பிலும் வருஷக்கணக்காகத் தங்கும்.

துளை போடும் முன் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கேட்டு, தரைக்கடியில் ஒயரும் பைப்பும் போகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுவை. பழைய சிவப்புச் சிமெண்ட் தரை என்றால் துளையை அடைக்கும் சிமெண்டில் கொஞ்சம் காவிப்பொடி கலக்கச் சொல், தழும்பு தெரியாது.

கிணறு, சம்ப், குழந்தைகள்

மாயவரத்துப் பழைய வீடு என்றால் கொல்லையில் கிணறு இல்லாமலா? கிணற்றடியை ஒட்டிய சுவரில் மருந்து வைக்கவே வேண்டாம். குடிதண்ணீர் சம்ப் பக்கத்திலும் அப்படித்தான். அங்கே மரத்தை எடுத்துவிட்டுக் கல் நிலையோ இரும்பு நிலையோ வைத்துவிடு. தின்ன ஒன்றும் இல்லை என்றால் கரையானுக்கு அங்கே என்ன வேலை?

குழந்தைகளையும் மாமியாரையும் அன்றைக்கு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பு. யாராவது பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இன்னும் சில நாள் சேர்த்தே தள்ளியிருக்கட்டும். மீன் தொட்டி, நாய், பூனை எல்லாவற்றையும் நகர்த்து. அரிசி, பருப்பு, பாத்திரங்களை மூடு. காலி பாட்டிலை வேலைக்காரம்மா மண்ணெண்ணெய் ஊற்ற எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்.

புது மரம் வாங்கும்போது

தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தொடத் தயங்கும். பட்டைக்கு அடுத்த வெளிறிய பகுதியைத் தேக்கு என்று பார்க்காமல் தின்றுவிடும். கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் தேக்கில் இந்த வெளிறல்தான் அதிகம். ஒவ்வொரு கட்டையின் நாலு ஓரத்தையும் பார்த்து வாங்கு. பனங்கையும் அப்படித்தான். முற்றிய மரத்தில் வைரம் பாய்ந்த பகுதி தலைமுறைகள் தாங்கும். இளமரம் சீக்கிரம் இற்றுவிடும்.

பழைய கதவு, தூண் மேல் உனக்கு ஆசை என்று தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் திரும்ப மனசு வராது. ஆனால் அங்கே வாங்குவதை நேரே கூடத்துக்குக் கொண்டுவராதே. ஒரு மாதம் தனியே, வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் நிறுத்து. தாளில் கசகசாவோ மைதாவோ உதிர்ந்தால் அங்கேயே வைத்தியம் பார்த்துவிடலாம்.

ப்ளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண் இருக்கிறதா என்று பலகையிலேயே பார். பில்லில் இருந்தால் போதாது. சமையலறை, குளியலறை ஓரங்களில் அலமாரித் தட்டுக்கு மரமே வேண்டாம். நம் அம்மா வீட்டில் இருந்ததே கடப்பா கல், அதற்கு ஈடு எதுவும் இல்லை. புது நிலையின் காலைத் தரைக்குள் புதைக்க விடாதே. கல் மேல் நிற்கட்டும். சுவருக்குள் போகிற பக்கத்துக்கு மரக்காப்பு மருந்து பூசிய பிறகுதான் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு அந்தப் பக்கத்தை யாராலும் தொட முடியாது.

அம்மா சொன்ன வைத்தியங்கள்

மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், உப்பு, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மண்ணெண்ணெய் பட்ட கரையான் சாகும், வாஸ்தவம்தான். வாடை போனதும் மற்றவை வேறு வழியாக வரும். சுவரெல்லாம் மண்ணெண்ணெய் அடித்துவிட்டு பூஜையறையில் விளக்கேற்றுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டாம். வேப்பெண்ணெயை மரச்சாமானுக்குப் பூசு, கெடுதல் இல்லை; ஆனால் அதை நம்பி நிலையை விட்டுவிடாதே. பெயிண்ட் அடிக்காத வெறும் மரத்துக்கு போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசல் பூசினால் நல்ல பலன் உண்டு. மழை படுகிற இடத்தில் மட்டும் கரைந்துபோகும்.

கொல்லையில் புற்று இருந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர்களாக இருக்கலாம். அதை இடித்து ஊர்ப்பகையைத் தேடிக்கொள்ளாதே. மேலே இடிப்பதால் உள்ளே தனியறையில் இருக்கிற ராணிக்கு ஒன்றும் ஆகாது, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கட்டிவிடும். பாம்பு இருந்தால் அது வேறு பாடு. உன் வீட்டுச் சுவருக்குக் காவல் போடுவதைப் பார். புற்று தன் இடத்தில் இருக்கட்டும்.

குடிபோன பிறகு

ஒரு தடவை மருந்து வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. வருஷத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கு. கோடை மழை ஆரம்பித்ததும் ஒரு நாள், ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு நாள். அதே திருப்புளி, அதே டார்ச், அதே எட்டு இடம். அரைநாள் வேலை. அட்டைப்பெட்டியில் பழைய புத்தகத்தைப் போட்டு ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டி வைக்காதே. பீரோவையும் சுவரையும் நாலு விரல் தள்ளி நிறுத்து, பின்னால் விளக்குமாறு போகட்டும்.

எங்கள் ஸ்டோர் ரூமில் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் சுவருக்கு மட்டும் நான் பெயிண்ட் அடிக்க விடவில்லை. உடைத்த மண் பாதைகளும் பக்கத்தில் பென்சிலில் எழுதிய தேதிகளும் அங்கே இருக்கின்றன. ஆரம்பத்தில் நாலு நாளுக்கு ஒரு தேதி. அப்புறம் மாதத்துக்கு ஒன்று. அப்புறம் கீழே வெறும் சுவர்தான். பெயிண்டர், "அசிங்கமா இருக்கேம்மா, ஒரு கை அடிச்சுடறேன்" என்றார். மற்ற இடத்தில் அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு மழைக்கும் டார்ச்சோடு முதலில் அங்கேதான் போய் நிற்கிறேன்.

நீ வீடு பார்க்கப் போகும் அன்றைக்குச் சொல். காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். திருப்புளி நான் கொண்டுவருகிறேன், பென்சில் நீ எடுத்துக்கோ.